பெயர் மட்டும் நகர்ந்த டேபிள்

எங்கள் கம்பெனி செய்யும் வீடியோ கேமில் வரும் எல்லா மிருகங்களின் பலமும் வேகமும் ஒரே டேபிளில்தான் இருக்கும். மூன்று மாதம் உட்கார்ந்து நான் போட்ட டேபிள்.

இன்று காலை மேனேஜர் அதைத் திறந்து, பெயர்களை மட்டும் அகர வரிசைக்கு மாற்றி சேவ் செய்துவிட்டார். எண்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன.

மதியம் எங்கள் டெல்லி கரோல் பாக் ஆபீஸில் கிளையண்டுக்கு டெமோ. முயல் ஒரே கடியில் ஹீரோவைக் கொன்றது. யானை ஒரு குத்தில் செத்து விழுந்தது.

"டேபிள் கிஸ்னே பனாயா?" யார் போட்ட டேபிள் என்று கேட்டார் கிளையண்ட்.

மேனேஜர் என் பக்கம் கை காட்டினார். "நயீ லட்கி ஹை, சீக் ஜாயேகி."

புதுப் பெண்ணாம், கற்றுக்கொள்வாளாம். ஆறு வருஷமாக இங்கே இருக்கிறேன். அவர் வந்ததே போன தீபாவளிக்குப் பிறகுதான்.

கிளையண்ட் போனதும், யார் மாற்றியது என்று காட்டும் ஹிஸ்டரியை மேனேஜருக்கு அனுப்பினேன். "அச்சா, இனிமே லாக் பண்ணி வை" என்று பதில் வந்தது.

டேபிளை லாக் பண்ணிவிட்டேன். மேனேஜரை லாக் பண்ண வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.