கழுதைப் பட்டம்

பெங்களூரில் நான் கணக்கு வாத்தியாராக இருந்த கல்லூரியில் அவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர். ஒட்ட வெட்டிய நரைமுடி, காக்கி நிஜார், கழுத்தில் விசில். நன்றாக ஆடும் மாணவனை அவர் "கழுதை" என்றுதான் கூப்பிடுவார். "நீங்க வாங்க தம்பி" என்று மரியாதையாக அழைத்துவிட்டால், அந்தப் பையன் பேசாமல் பனியனைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். வருஷா வருஷம் கோப்பை எங்களுக்கே வந்தது.

ஒரு முறை பெரிய தொழிற்சாலை ஒன்று தன் அணிக்கு அவரைக் கூப்பிட்டது. அங்கே ஆடுவதற்காகவே வேலை கொடுத்து ஆட்களை வைத்திருந்தார்கள். அவருக்கு இரட்டைச் சம்பளம், குவார்ட்டர்ஸ். ஜீவனஹள்ளியில் ஒழுகும் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்த மனிதர். அந்த அணியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரிடம், "எப்ப சார் சேர்றீங்க?" என்றேன்.

"பிரமாதமா ஆடறாங்க சார். ஆனா எல்லாரும் பெண்டாட்டி புள்ளைக்காரங்க. அவங்கள எப்படி சார் கழுதைன்றது?"

"அப்படிக் கூப்பிடாமலே சொல்லிக் குடுங்களேன்."

விசிலைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "நாள் பூரா எல்லாரையும் நீங்க, வாங்கன்னுட்டிருந்தா, எனக்குன்னு யாருமே இல்லாத மாதிரி இருக்கும் சார்."

அவர் போகவில்லை. மழை பெய்யும்போதெல்லாம் அந்த ஒழுகும் அறையை நினைத்து, அது சரியான முடிவுதானா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். இன்னொன்றும் மனதில் வரும். பல வருஷங்கள் அவரோடு ஒரே மேஜையில் டீ குடித்திருக்கிறேன். கடைசி நாள் வரை என்னை அவர் "வாங்க சார்" என்றுதான் கூப்பிட்டார்.