இடது காலுக்கு வேலை இல்லாத கார்

என் கணவரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் கல்யாணத்துக்கும் முந்தியது. இரண்டே இருக்கை, மடக்கிவிடும் கூரை, பேச்சை விழுங்கும் சத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு அதில் ஒரு நடை போய் வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும்.

சென்ற ஆண்டு அவருடைய இடது காலில் பலம் குறையத் தொடங்கியது. நரம்புக் கோளாறு, மெல்ல மெல்லக் கூடத்தான் செய்யும், நிறுத்த மருந்தில்லை என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் இவர் நேராகக் காரில் ஏறி இடது காலால் கிளட்சை மிதித்துப் பார்த்தார்.

கூடுவாஞ்சேரியில் இருக்கும் அவருடைய தம்பி புதிதாக எலெக்ட்ரிக் கார் வாங்கியிருந்தார். "ரெண்டையும் எடுத்துகினு சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போலாம்ண்ணா. எது பெஸ்ட்டுன்னு நீயே ஓட்டிப் பார்த்துச் சொல்லு" என்று போன் செய்தார். இவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓட்டினார். பூஞ்சேரி சிக்னலில் நின்றபோது கிளட்சின் மேலிருந்த அவர் கால் நடுங்குவதைப் பார்த்தேன். பச்சை விழுவதற்குள் கால் நழுவியது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. மறுபடி முயன்றார். இரண்டு கைகளாலும் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். கிளட்ச் பாதிகூட இறங்கவில்லை.

பின்னாலிருந்து பஸ் ஹாரன் அலறியது. "இன்னா சார், நடுரோட்டுல ஷோ காட்டிகினு கீறே?" என்று டிரைவர் கத்தினார்.

எனக்கு ஓட்டத் தெரியாது. "இறங்கித் தள்ளட்டுமா?" என்றேன்.

"பேசாம உக்காரு."

உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த தம்பி இறங்கி ஓடி வந்தார். அண்ணனின் காலைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "அண்ணா, நீ என் வண்டிய எடு. இத நான் எடுத்துகினு வரேன்."

நாங்கள் மாறி ஏறிய எலெக்ட்ரிக் காரில் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. "ஆன்ல இருக்கா இது?" என்று இவர் என்னைக் கேட்டார். வலது காலை லேசாக வைத்ததுமே கார் பாய்ந்தது, என் தலை இருக்கையில் இடித்தது. காலை எடுத்தால் தானாக வேகம் குறைந்தது. கல்பாக்கம் வரை அப்படியே ஓட்டினார். சத்தமே இல்லாத அந்த வண்டிக்குள் அவர் மூச்சு எனக்குக் கேட்டது. ஏதாவது பேசலாம் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் தப்பாகிவிடும் என்று தோன்றியது.

சதுரங்கப்பட்டினத்தில் இடிந்த கோட்டைக்கு எதிரே நிறுத்தினோம். "எப்டி கீதுண்ணா?" என்றார் தம்பி.

"உன்னுது வேகம். சொகுசு. ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றார். பிறகு மெதுவாக, "என்னுது இனிமே என்னைத் தேடும்டா" என்றார்.

தம்பி மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நான் கதவைத் திறந்து கை நீட்டினேன். எப்போதும் தட்டிவிடுகிறவர், அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.