அடைக்க வேண்டிய கோழி

எங்கள் பின்வளவில் மூன்று கோழிகள். பெரியது வைத்ததுதான் சட்டம். சிவப்பியின் முதுகில் அது ஓர் இறகைக்கூட விட்டுவைக்கவில்லை.

சிவப்பியை ஒரு கிழமை தனியாக அடைத்து, காயம் ஆறியதும் நேற்றுத் திரும்ப விட்டேன். புதுக்கோழியைக் கண்டதுபோலப் பெரியது பாய்ந்து, இரத்தம் வரக் கொத்தியது.

இன்று, மிச்சம் என்னும் எங்கள் ஊரின் ட்ராம் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் இதைச் சொன்னேன். கடைக்காரர் ராசன் சிரித்தார்.

“டீச்சர், கொத்து வாங்கினதை ஏன் அடைச்சனீங்கள்? கொத்தினதையெல்லோ அடைக்க வேணும்!”

“அது தனிய நிண்டு கத்துமே, ராசன்.”

“கத்தட்டும். நாலு நாளால விட்டா அதின்ர பெரியதனம் போயிடும்.”

வந்ததும் பெரியதைப் பிடித்து அடைத்தேன். சிவப்பி பயமில்லாமல் தின்றாள்.

படிப்பித்த முப்பது வருடமும் வகுப்பிலும், இன்னொரு பிள்ளையிடம் அடி வாங்கிய பிள்ளையைத்தான் எழுப்பி இடம் மாற்றினேன். என்னிடம் படித்தவர்களே, ஒருவராவது அப்போது சொல்லியிருக்கக் கூடாதா?