குழியில் கொட்டிய கல்யாணச் சோறு

இன்று அரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டின் மகன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எம்பதுகள்ல காலரா வந்தப்ப, ஒரு தெருவுக்கே எங்கப்பாதாங்க சோறு போட்டாரு" என்றார்.

அது எங்கள் தெரு.

நோய் பரவும் என்று எங்கள் தெருவை முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள். கூலி வேலை இல்லை, அடுப்பும் எரியவில்லை. அந்த வாரம்தான் இவருக்குக் கல்யாணம். பந்தி முடிந்து சோறு நிறைய மீந்துவிட்டது.

என் அப்பா முள்ளைத் தாண்டி அண்டாவோடு போய், பெரிய வீட்டு வாசலுக்கு வெளியே நின்று கேட்டார். "மீந்தத மட்டும் குடுங்க சாமி. புள்ளைங்க பட்டினியா கெடக்குதுங்க."

"உனக்குக் குடுத்தா நாளைக்குத் தெருவே எங்கூட்டு வாசல்ல நிக்கும்" என்றார் இவருடைய அப்பா, பெரியவர்.

சோற்றைக் குழியில் கொட்டச் சொன்னார். யாரும் அள்ளிவிடக் கூடாதென்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவவைத்தார். எங்கள் கிணற்றில் போடுவதற்காக சர்க்காரிலிருந்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போன பவுடர் அது.

மருந்து போடாத தண்ணீரையே நாங்கள் குடித்தோம். அடுத்த வாரம் என் தங்கை ஸ்டெல்லா செத்துப்போனாள்.

பெரியவர் போட்ட சோற்றை எங்கள் தெருவில் தின்றவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். ருசி எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.