பூட்டுக்குப் பொட்டு வைத்த அக்கா

எங்கள் அக்கா போய் வருடம் திரும்பிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நட்புகளுக்கும் தம்பியின் வணக்கம். சங்ககிரியில் லாரிகளுக்கு டயர் மாட்டுகிறவன் நான். டிரைவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் நாலு வார்த்தை கோக்கப் பழகினேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது பரமத்தி வேலூர் பக்கம், வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குப் போன குடும்பத்தில். லாரி கிளீனராக இருந்த மாமாவுக்கு வாக்கப்பட்டுச் சங்ககிரி வந்தார். மாமா ஒரு விபத்தில் போய்ச் சேர, துக்கம் காக்கவும் நேரமில்லாமல் ஊருக்கு வெளியே இருந்த நூல் மில்லுக்கு வேலைக்குப் போனார். "அழுவறதுக்கு மில்லுல லீவு தரமாட்டாங்க சாமி" என்று என்னிடம் சிரித்தபடியே சொன்னார்.

அந்த மில்லின் பின் கதவில் வேலை நேரம் முழுக்க வெளியிலிருந்து பூட்டுத் தொங்கும். பெண்கள் பின்னால் போய்க் கதை பேசுகிறார்களாம். சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருக்கும்.

ஒரு மே தினக் கூட்டத்தில் யாரோ ஒரு பேச்சாளர் அமெரிக்கக் கதை சொன்னார். எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் தொழிலாளிகள் உயிர் விட்டது ஒன்று. நியூயார்க்கில் சட்டை தைக்கும் கம்பெனி தீப்பிடித்தது இன்னொன்று. துணி திருடிப்போவார்கள் என்று முதலாளிகள் கதவைப் பூட்டி வைத்திருக்க, மாடி ஜன்னல் வழியாகப் பெண்கள் குதித்துச் செத்தார்கள். அதன்பின் ஊரே மழையில் நனைந்தபடி ஊர்வலம் போய்ச் சட்டத்தை மாற்ற வைத்தது. முதலாளிகள் மட்டும் கோர்ட்டில் தப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சில்லை. மில் வேனில் ஏறினால் அமெரிக்கா, இறங்கினால் அமெரிக்கா.

"அந்தூர்ப் பொம்பளைங்களுக்கு அப்ப ஓட்டுக்கூட இல்லையாமா. ஓட்டு இல்லாதவ அத்தன பண்ணிருக்கறா. வெரல்ல மை வெச்சுக்கிட்டு வார நாம ஒரு கதவத் தொறங்கன்னு கேக்கமாட்டமா?"

"ஏனக்கா, அமெரிக்காவுல உங்களுக்கு மாமனார் ஊடுங்களா?" என்று கேலி செய்தவள் பக்கத்து சீட்டு சரசு. அக்காவுக்கு உயிர்த் தோழி. அமெரிக்காக்காரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். சொந்தக்காரர்களோ அதே பெயரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். "தாலியறுத்தவளுக்குத் தலைவி ஆவோணும்னு ஆசை" என்று ஒரு பங்காளி கல்யாணப் பந்தியிலேயே பேசினார். அக்கா இலையை மூடாமல் முழுச் சாப்பாடும் சாப்பிட்டுத்தான் எழுந்தார்.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் கத்தி, ஸ்பேனர், எண்ணெய்க் கேன் எல்லாவற்றையும் கழுவித் தட்டில் வைப்பார்கள். அக்கா பின் கதவுப் பூட்டையும் கழற்றி வாங்கித் தேய்த்து நடுவில் வைத்துவிட்டார். முதலாளி கவனிக்காமல் அதற்கும் தம் கையாலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை வரைக்கும் எடுக்கக்கூடாது என்பது நமக்கெல்லாம் தெரிந்ததே.

அக்கா கும்பிட்டபடி சொன்னார்: "பூட்டு சாமிகிட்ட இருக்குதுங்க. நாளைக்கு மத்ததெல்லாம் எடுக்கறப்ப அது மட்டும் அங்கயே இருக்கட்டும்னு நீங்க ஒரு வார்த்த சொல்லோணும்."

"மெசினே ஓடல. இன்னிக்குக் கதவு தொறந்தா என்ன, சாத்துனா என்ன அம்மணி?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். பொரி வாங்க வரிசையில் நின்ற சரசுவும் சிரித்தாள்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் சந்தனம் உதிராத அந்தப் பூட்டு மறுபடி கதவில் ஏறியது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பகல் வேளை, பஞ்சு உடைக்கும் மெஷினில் தீப்பொறி பறந்தது. முன்பக்கம் நின்றவர்கள் வெளியே ஓடினார்கள், அக்காவும் வந்துவிட்டார். பின்பக்கம் இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். சாவி வைத்திருந்தவர் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி ஓடிப்போய்க் கல்லால் பூட்டை உடைத்தார். புகைக்குள் நுழைந்து கைக்குச் சிக்கியவர்களை வெளியே இழுத்துப் போட்டார். சரசுவையும் இழுத்தார். சரசு மூச்சு விடவில்லை.

பழி யார் தலையில் விழுந்தது தெரியுமா? முதலாளி தலையிலா, சாவிக்காரர் தலையிலா? எங்கள் அக்கா தலையில்!

சரசுவின் தங்கை ராணியும் அந்த மில்லில்தான் வேலை. எழவு வீட்டு வாசலில் அக்காவை மறித்து மண்ணை வாரி எறிந்தாள். "தீயி தீயின்னு தினமும் வேனுக்குள்ள பேசிப் பேசியே கூப்புட்டயே! பூட்டுக்குப் பொட்டு வெச்சு சாமியச் சோதிச்சயே! உன்ற நாக்குத்தாண்டி எங்கக்காளத் தின்னுச்சு. உன்ற வாய்க்கு அரிசி போடற அன்னிக்குத்தான் இனி உன்ற மொகத்துல முழிப்பேன்."

அக்கா தலையிலிருந்த மண்ணைத் தட்டவில்லை. தோழியின் முகத்தைக்கூடப் பார்க்க விடாமல் திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் வேனில் அக்காவின் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது.

ஆனாலும் வாய் ஓயவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் முன்னால் மற்றவர்கள் குனிந்து நிற்க, அக்கா ஒருவரே பூட்டின் கதையைச் சொன்னார். உள்ளேயிருந்து கையால் தள்ளினாலே திறக்கிற கதவு போடச் சொல்லி உத்தரவு வந்தது. கதவு வந்த வாரமே அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். முதலாளிக்குத் தண்டனை ஏதுமில்லை. "அமெரிக்காவுலயும் இப்படித்தாண்டா தம்பி" என்றார் அக்கா.

புகை குடித்த நெஞ்சு தேறவில்லை. கடைசி மாதங்களில் எங்கள் டயர் பட்டறைக்குப் பின்னால், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு கிடந்தார். பார்க்க வந்த சொந்தங்களில் சிலர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, "பேசிப் பேசியே நெஞ்சக் கெடுத்துக்கிட்டா" என்று அவர் காதுபடச் சொல்லிப் போனார்கள். பேச்சுக்கே பிறந்த மனுஷி, பதில் சொல்ல மூச்சில்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தார். அதைவிடக் கொடுமை நான் பார்த்ததில்லை.

சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த பட்டறைப் பையன்களுக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த நர்சம்மாவுக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த என் மனைவிக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. அக்கா இறந்த அன்று மில் பெண்கள் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டிருக்கிறார்கள். "வேலைய விட்டு நின்னவளுக்கெல்லாம் லீவு கெடையாது" என்று சொல்லி முன் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அவர்கள் பின் கதவைத் தள்ளித் திறந்து வந்தார்கள். தலையெல்லாம் பஞ்சு, மேலே மில் கோட்டு, அப்படியே வெயிலில் வரிசையாக நடந்து வந்தார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு மறுநாள் வேலை போனது என்பதையும் நாங்கள் அறிவோம்.

முதலில் வந்தவள் ராணி. யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே வந்து, கை நிறைய அரிசி எடுத்து அக்காவின் வாயில் போட்டாள். போட்ட கையை எடுக்காமல் அப்படியே உதட்டின் மேல் வைத்திருந்தாள்.

"போதும் அமெரிக்காக்காரி, பேசுனது" என்றாள்.