முகாம் வாசலில் மாமனார்

தலை நரைக்கும்வரை பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் ஓயவில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். "சொந்த நிழலையே நிறுத்தி டிக்கெட் கேக்குற மனுஷன்" என்பாள் மனைவி.

மகள் மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குப் பிடித்த பையன் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். கடற்படையில் வேலை என்றான்.

"கப்பல்ல எங்கெல்லாம் போயிருக்கீங்க தம்பி?"

பையன் டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். "இப்ப கரையிலதாங்க வேலை" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த கடிகாரத்தைப் புகழ ஆரம்பித்தான்.

பரிசோதகருக்கு மூக்கில் வியர்த்தது.

சில நாள் கழித்து, பேருந்து ஜன்னல் வழியே அவனைப் பார்த்தார். பச்சைப் புள்ளி போட்ட உடுப்பில், ராணுவ முகாமின் வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தான். வெள்ளை கடற்படைக்கு, பச்சை தரைப்படைக்கு, நீலம் விமானப்படைக்கு என்பதுதான் அவர் கணக்கு. கடற்படை என்று சொன்னவன் பச்சையில் போகிறான். கல்யாண மோசடிக்காரன் என்றே முடிவு கட்டினார்.

மறுநாள் காலை முகாமுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றார். உள்ளே போகிறவர்களை எட்டி எட்டிப் பார்த்தார். வெயில் ஏறியதும் இரண்டு காவலர்கள் வந்து அவரைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள்.

"யாருய்யா நீ? காலையிலேர்ந்து யாரை நோட்டம் விடுற?"

அடுத்தவரை அப்படிக் கேட்டே பழகியவருக்கு இப்போது பதில் சொல்லும் முறை வந்தது. கடைசியில் பையன் பெயரைச் சொன்னார். அவனைக் கூட்டிவந்தார்கள்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியும் சார். என் மாமனார்" என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல்.

வெளியே டீக்கடையில் அவனே விளக்கினான். அது முப்படைக்கும் பொதுவான சரக்குக் கிடங்கு. தரையில் நிற்பவனுக்கும் கடலில் போகிறவனுக்கும் வானத்தில் பறக்கிறவனுக்கும் மருந்தும் உணவும் அங்கிருந்துதான் போகின்றன. அங்கே கடற்படைக்காரனும் இந்தப் புள்ளி உடுப்பைப் போடுவதுண்டு. நெஞ்சில் தைத்த பட்டையைப் படித்தால்தான் எந்தப் படை என்று தெரியும்.

"அப்போ கப்பல்னு கேட்டதும் ஏன் நழுவுனீங்க?"

அவன் தலை குனிந்தான். "கப்பல் ஆடுனா எனக்குக் குடலே வெளிய வந்துரும் மாமா. டாக்டருங்க பார்த்துட்டுக் கரைக்கு அனுப்பிட்டாங்க. வாந்தி எடுக்குற கடற்படைக்காரனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டார். "உனக்குத் தெரியுமா இது?"

"பழகின அன்னைக்கே சொல்லிட்டாருப்பா."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"உங்ககிட்ட யாருப்பா எதைச் சொல்ல முடியும்? எதைச் சொன்னாலும் குறுக்கு விசாரணைதானே."

அந்த மாதமே நிச்சயம் பண்ணினார்கள். முகாமில் தன்னை உட்கார வைத்த கதையை மனைவியிடம் சொல்ல அவருக்கு வெகுகாலம் பிடித்தது. சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "பயந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றார்.