முறுக்கு டப்பாவில் ஒரு கைக்கடிகாரம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே பெரிய ற போடுவது, எங்கே சின்ன ர போடுவது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. எதிரே ஆள் இல்லை.

எங்கள் வீடு கொடைக்கானலுக்கு மேலே பூண்டியில். வாரத்தில் பாதி நாள் பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் பழனிக்கு இறங்குவேன். மீதி நாள் கொடைக்கானலில் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிக்கொண்டு இடம் இடமாகப் போவேன். அப்படி ஒருநாள் ஏறிய ஒரு பையன், ஏரிக்கரையில் முந்தின நாள் வாங்கிய கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கழற்றி என் முன்னால் டாஷ்போர்டில் வைத்தான்.

"வச்சுக்கங்கண்ணே. ஃபர்ஸ்ட் காப்பிதான். ஒரே நாள்ல நின்னுருச்சு."

"அசல் என்ன விலைங்க தம்பி?"

"அசலா? இந்த ஜீப்பு மாதிரி ரெண்டு வாங்கலாம்."

அவன் இறங்கிப் போன பிறகு அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். நீல முகம், அதில் பொன்னிற எழுத்தில் பெரிய கம்பெனியின் பேர். கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். திருப்பினால் டிக் டிக் என்று பல் பல்லாக நகர்ந்தது. என்னை அசத்தியது அதெல்லாம் இல்லை. பட்டை மாட்டும் இடத்தில், கொம்புகளின் உள்பக்கம், யாருமே பார்க்காத அந்த மூலையைக்கூட யாரோ மெருகு போட்டு வைத்திருந்தார்கள். பொய்ச் சாமானுக்கு எதற்கு இவ்வளவு பொறுமை என்று நினைத்தேன். எந்த நாட்டில் எந்தக் கொட்டகையில் உட்கார்ந்து செய்த கையோ, அந்தக் கையின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

கொடைக்கானல் பஜாரில் கடிகாரக் கடை வைத்திருக்கும் பாய் எனக்குச் சிநேகம். என் வயதுதான். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டிரைவரே, சட்டை ராஜா சட்டை. வயித்துக்குள்ள பழைய கஞ்சி. மெஷின் குப்பைய்யா. கூடு மட்டும் அருமையா இருக்கு."

"வேற மெஷின் போட முடியுமா பாய்?"

"போடலாம். எனக்கு நேரமில்ல. நீ போடு." இதைச் சொல்லிவிட்டு அவரே மறுபடி சிரித்தார். ஆனால் பின்மூடி திறக்கும் சாவியையும், கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியையும் ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வீடு பழனி அடிவாரம். பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். எங்களில் நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா மாப்பிள்ளை கையில் சபை நடுவில் கடிகாரம் கட்டிவிட வேண்டும். எப்படிப்பட்ட குடும்பம் என்று எல்லாரும் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் எடை போடுவார்கள்.

"டவுனுக்குப் போறப்ப ஒண்ணு பாத்து வாங்கிருங்க" என்றாள் என் மனைவி.

"வாங்க வேணாம். நானே பாகம் பாகமாப் பூட்டித் தாரேன்" என்றேன்.

அடுப்படியில் இருந்தவள் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் நான் ஒன்றை இப்படி முடிவாகச் சொன்னது அவளுக்குப் புதிது. எனக்கும் புதிதுதான். பேச்சு வராத மனுஷன் நான். மாப்பிள்ளையிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லவும் எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் என் கையால் ஒன்று செய்து கட்டிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது.

மகள் கொடைக்கானலில் ஒரு ஓட்டல் வரவேற்பில் வேலை பார்க்கிறாள்; இங்கிலீஷ் படிப்பாள். ஜப்பான் மெஷின் ஒன்றைப் போனில் தேடி எடுத்துவிட்டு, கடிகாரத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்தப் பேரு நம்மளுது இல்லப்பா. ஊரான் பேர அவரு கையில கட்ட வேணாம். பேரே இல்லாத டயல் கெடைக்குது. அதப் போடுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பேர்தான் சபையில் எடுபடும் என்று உள்ளுக்குள் நான் நினைத்திருந்தேன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இருந்த நேர்மை எனக்கு அந்த நிமிஷம் இல்லை. சாவி கொடுக்கும் திருகின் தலையில் இருந்த குட்டி முத்திரையையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன்.

மெஷினும் பேர் இல்லாத நீல டயலும் ஒரே பெட்டியில் வந்தன. மெஷினை அசைத்ததும் உள்ளே இருந்த சின்னச் சக்கரம் கோழிக்குஞ்சின் தொண்டை மாதிரி துடிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் வேறு ஒன்றும் செய்யாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிப் பூட்டுவது என்பதைப் போன் வீடியோவில் கற்றுக்கொண்டேன். பேசுகிற பாஷை புரியாது. சத்தத்தை நிறுத்திவிட்டு விரலை மட்டும் பார்ப்பேன். திருகை மெஷினோடு சேர்க்கிற கம்பியை ஒரு அரிசி அகலம் கூடுதலாக வெட்டிக் கெடுத்தேன். மகள் திட்டாமல் இன்னொன்று வரவழைத்தாள்.

கடைசி வேலை நொடி முள். முடியைவிடக் கொஞ்சம் தடிமன். முப்பது வருடம் மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்த கை எனக்கு. சும்மா இருக்கும்போதே அதிரும். இடுக்கியில் பிடித்ததும் முள் துள்ளிப் பறந்து, மனைவி உரித்துக் குவித்திருந்த பூண்டில் விழுந்துவிட்டது. மண்டி போட்டுக்கொண்டு கையால் துழாவப் போனேன்.

"கைய வைக்காதீங்க! மிதிச்சுச் சோலிய முடிச்சுருவீங்க. தள்ளுங்க" என்று முறத்தை எடுத்தாள். "கனம் இல்லாத சாமான் பூண்டுப் பல்லோட இருக்காது. தோலோடதேன் போகும்."

கீழே வெள்ளை வேட்டியை விரித்து, பூண்டை அள்ளி அள்ளிப் புடைத்தாள். தோல் மட்டும் வேட்டியில் பறந்து விழுந்தது. நாலாவது முறத்தில், தோலுக்கு நடுவே, ஒரு வெள்ளி மினுக்கு. முள் வளையக்கூட இல்லை. அதை என்னிடம் தராமல் அவளே இடுக்கியால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடு ஊசியின் மேல் வைத்து அழுத்தினாள். ஒரே தடவை. தினமும் பூண்டில் விதைப் பல்லை நசுங்காமல் பிரித்தெடுக்கிற விரல் அது.

"இதுக்குத்தேனா ஒரு வாரம் தவம் கெடந்தீங்க?" என்றாள்.

நொடி முள் துடித்துக் குதிக்காமல் நூல் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வாசலில் பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்த மத்தியானம் அது. ரப்பர் வளையத்துக்குப் பசை தடவி, பின்மூடியை இருக்கி முறுக்கினேன்.

மறுநாள் காலை பார்த்தால் கண்ணாடிக்குள் வேர்த்திருந்தது. மணி தெரியவில்லை.

தண்ணீர் போய்விட்டது என்று நினைத்தேன். திறந்து துடைத்தேன். பசையை இன்னும் கூட்டித் தடவி, மூடியை இன்னும் இறுக்கினேன். அடுத்த காலையும் அதே வேர்வை. நிச்சயத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்றைக்குக் கேரட் லோடோடு இறங்கும்போது அதைக் கையில் கட்டிக்கொண்டு போனேன். வடகவுஞ்சி தாண்டியதும் வேர்வை தேய ஆரம்பித்தது. பழனியில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. திரும்பி ஏறி வரும்போது, பெருமாள்மலைக் குளிரில் மறுபடி வேர்த்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. வெளியே இருந்து தண்ணீர் போகவே இல்லை. நானேதான் மூட்டத்துக்குள் உட்கார்ந்து மூடினேன். மலையின் ஈரத்தைப் பிடித்து உள்ளே வைத்துப் பசை போட்டுப் பூட்டியிருக்கிறேன். எவ்வளவு இறுக்கினேனோ அவ்வளவு பத்திரமாக அது உள்ளேயே இருந்தது.

இன்னொன்றும் புரிந்தது. நிச்சயம் பழனியில். அங்கே இது வேர்க்காது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளை மலை ஏறி வரும்போதுதான் தெரியும். அப்படியே கட்டிவிடலாம் என்று ஒரு வளைவு தூரம் நினைத்துப் பார்த்தேன். அடுத்த வளைவில் அந்த நினைப்பு எனக்கே பிடிக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி யோசிக்கக்கூட இல்லை.

"முறுக்கு நமத்துப் போகாம எப்படி வச்சிருக்கேன்? அதே மாதிரி வைங்க."

இந்த மூட்டத்தில் எங்கள் ஊரில் முறுக்கும் அப்பளமும் ஒரே நாளில் துணி மாதிரி ஆகிவிடும். அதற்காக அரிசியை வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, சூடு அடங்கியதும் துணியில் முடிந்து டப்பாவுக்குள் போட்டு வைப்பார்கள். காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் அரிசி குடித்துவிடும். முப்பது வருடமாக அந்த முறுக்கைத் தின்கிறேன். எனக்குத் தோன்றவில்லையே!

நிச்சயத்துக்கு என்று சுட்டு வைத்திருந்த முறுக்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, எண்ணெய் வாடை போகத் துடைத்து, டப்பாவை எனக்குத் தந்தாள். இரண்டு முடிச்சு வறுத்த அரிசிக்கு நடுவே, திறந்தபடி கடிகாரம் மூன்று நாள் இருந்தது. நிச்சயத்தன்று வெள்ளனே எழுந்து, டப்பாவைத் திறந்த கையோடு கடிகாரத்தின் பின்மூடியை முறுக்கினேன். வேர்க்கிறதா என்று பார்க்க நேரமில்லை. "வெரசா வாங்க, நல்ல நேரம் போகுது" என்று எல்லாரும் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

சபையில் மாப்பிள்ளை கையில் கட்டினேன். நீல முகம் வெளிச்சத்தில் அழகாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்து பார்த்தார். பெரிய குரல் அவருக்கு.

"என்ன சம்பந்தி, வாட்ச்சுல பேரையே காணோம்? எந்தக் கம்பெனிங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகள் தலையைக் குனிந்திருந்தாள். ஆனால் காது இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

"கம்பெனி இல்லீங்க" என்றேன். "கூடு டூப்ளிகேட்டுங்க. உள்ள மெஷின் நல்ல மெஷின். நான்தேன் பூட்டுனேன். நொடி முள்ளு மட்டும் எம் வீட்டுக்காரி வச்சது. மலைக்கு வந்தா கண்ணாடிக்குள்ள வேர்த்தாலும் வேர்க்கும். வேர்க்காதுன்னு நெனைக்கிறேன். உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

என் வாழ்நாளில் ஒரு சபையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"டூப்ளிகேட்டா?" என்றார் பெரியப்பா. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. மாப்பிள்ளை கடிகாரத்தைக் கழற்றினார். அவர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். திருப்பிப் பார்த்தார். மறுபடி கட்டிக்கொண்டார்.

"பெரியப்பா, நம்ம கடையில ஐம்பொன் மோதிரம் விக்கிறோமே, அதுல எத்தனை பொன்னு இருக்குன்னு சொல்லியா விக்கிறோம்? மாமா சொல்லிட்டுக் கட்டுறாரு."

"ஏலே! கடைப் பேச்சைச் சபையில பேசாதடா!" என்று பெரியப்பா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சபையே சிரித்தது. பெரியப்பாதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினார். நான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் முடிந்து மகளும் மருமகனும் மறுவீட்டுக்குப் பூண்டிக்கு வந்தார்கள். உறைபனிக் காலம். காலையில் புல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. ஜீப் கண்ணாடியில் படிந்திருந்த பனியை நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார். முந்தின நாள் முழுக்க அவர் மணிக்கட்டைப் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். அது கம்பளிச் சட்டைக்குள்ளேயே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. இப்போது பார்த்தால் கையில் கடிகாரமே இல்லை.

"நீங்க கேக்க மாட்டீங்கன்னு உங்க மக சொன்னா" என்றார். "அதான் ராத்திரியே கழட்டி ஜன்னலுக்கு வெளிய வச்சுட்டேன் மாமா. குளிரட்டும்னு."

ஜன்னல் கல்லில் இருந்து எடுத்து வந்தார். கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. ஒன்றும் தெரியவில்லை. அவர் கட்டை விரலை வைத்து ஒரு தேய் தேய்த்தார். மேலே இருந்த பனிதான் அது. விரல் போன இடத்தில் நீலம் தெரிந்தது. இன்னொரு தேய். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. நொடி முள் வழுக்கிக்கொண்டு போனது.

"ஆறே முக்கால் மாமா" என்று சொல்லிவிட்டு, ஐஸ் மாதிரி இருந்ததை அப்படியே கையில் கட்டிக்கொண்டு, டீ கேட்க அடுப்படிக்குப் போனார்.

எழுதி முடித்தது: மாசி மாதம் ஆறாம் தேதி, புதன்கிழமை, பூண்டி.